குழிக்குள் வாய்க்கரிசி

பிப்ரவரி 12
பழங்கால மனுஷங்களை ஆராய வந்திருக்கும் ஷர்லி மேடத்தின் அகழாய்வுக் குழியில் மண் அள்ளும் வேலை. இன்று என் கையில் ஒரு கல் சில்லு அகப்பட்டது. "கத்திங்க இது" என்றார் மேடம். விவசாயமே தெரியாத காலத்து வேட்டைக்காரர்களுடையதாம். என் வீட்டுக்காரருக்கும் விவசாயம் தெரியாது. அவரையும் கூட்டிவந்து காட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 15
எலும்பு வந்துவிட்டது. முழு ஆள். ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கன்னத்துக்கு அடியில் கை. குளிருக்குச் சுருண்டு தூங்குவதுபோல. மேலே காவிமண் தூவியிருக்கிறது. "தூக்கிப் போட்டு மூடலைங்க, பார்த்துப் படுக்க வச்சிருக்காங்க" என்றார் மேடம்.
பக்கத்து வீட்டுக் காத்தாயியும் என்னோடுதான் வேலை. வாயாடி. இன்று என்ன வயசிருக்கும் என்று மட்டும் கேட்டாள். இருபது, இருபத்தைந்தாம்.

பிப்ரவரி 16
பல்லுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ரேஷன் அரிசி!
மேடம் முகம் சிவந்துவிட்டது. "இந்த வாய் மண்ணை வச்சுத்தான் என்ன சாப்பிட்டாங்கன்னு பார்க்கணும். கெடுத்தாச்சு. யாருன்னு நாளைக்குச் சொல்லலைன்னா இந்தக் குழியில யாருக்கும் வேலை இல்லை."
"எறும்பு இழுத்தாந்திருக்கும் மேடம்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.
நேற்று கடைசியாகக் குழியைவிட்டு ஏறினவள் காத்தாயி. வரும் வழியில் பிடித்துக்கொண்டேன்.
"ஏன்டி இப்புடிப் பண்ணுனே?"
"எம் மகனுக்குத்தான் என் கையால போடக் குடுத்து வைக்கலையே மதினி."
மகன் சவூதியில் செத்து, அங்கேயே அடக்கம். இதுக்கு நான் என்னத்தக் கேலி பேச? சொன்னா இவ வேலை போவும். சொல்லலைன்னா எல்லாரு வேலையும் — என்ன பண்ணுவேன் சாமி.

பிப்ரவரி 17
அவளே போய்ச் சொல்லிவிட்டாள்.
மேடம் குழிக்குள் இறங்கி அந்த அரிசியை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு, "எதுக்குங்க வாயில அரிசி?"
"வெறும் வாயோட அனுப்பக் கூடாதுங்க."
அந்த அரிசியைத் தனிக் கவரில் போட்டு, காத்தாயி பெயரும் தேதியும் எழுதினார் மேடம். "செத்தவங்களுக்கு மனுஷங்க செய்றதைத்தான நானும் தேடுறேன். ஆனா இனி எலும்புகிட்ட வரக் கூடாது. சல்லடைக்குப் போங்க."
வேலை போகவில்லை! "அடியே, நாங்கள்லாம் செத்தா சுடுகாட்டுக்குப் போவோம். ஒன் அரிசி மியூசியத்துக்குப் போவுது" என்றேன். முறைத்தாள்.

பிப்ரவரி 24
சல்லடையில் ஒரு சங்குமணி நின்றது. காத்தாயி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"எங்க விக்ரமும் இப்புடித்தான் கழுத்துல ஒண்ணக் கட்டிக்கிட்டுத் திரிவான் மதினி."
மகன் செத்ததிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் நான் கேட்டதில்லை.
"ஆமா, பாசிமணி போட்ட நாய்க்குட்டி மாதிரியில்ல இருப்பான்" என்றேன்.
சிரித்தாள். மணியை மேடத்திடம் கொடுக்கப் போனவள், அவரிடமும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.