என் தலையில் விழுந்த அறுகரிசி

பலெர்மோ,
திங்கட்கிழமை

அன்புள்ள மகள் ஆரணிக்கு,

முழங்காலைத் தவிர மற்றபடி நான் நல்ல சுகம். நீ முழங்காலும் சேர்த்துச் சுகமாயிருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் சிரித்துக் குழப்புவாய், பிறகு ஆஸ்பத்திரியில் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய், அதனால் இதை ஆறுதலாக இருந்து வாசி. உன் அம்மா சனிக்கிழமை ஒரு கலியாணத்தை நடத்தி வைத்தாள். சமைத்துக் கொடுக்கவில்லை, மாலை கட்டவில்லை, நடத்தி வைத்தாள். மேயருக்குப் பதிலாக நின்று, இத்தாலிக் கொடியின் மூன்று நிறப் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டம் வாசித்து, கையெழுத்தும் வைத்தேன். இரண்டு நாளாக வீட்டுக்குள் தனியே சிரித்துக்கொண்டு திரிகிறேன், கீழ்வீட்டுக்காரி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, நம்முடைய விதுரன்தான். தாய் வேலைக்குப் போகிற நேரமெல்லாம் எங்கள் வீட்டில் கிடந்து உன் பிஸ்கட்டைத் தின்றவன். கோடை முழுக்க அவனுக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வேலை, அது முடியப் புரட்டாதி, புரட்டாதியில் கலியாணம் வைக்க அவனுடைய பெரியம்மா அற்புதமலர் விடமாட்டா, ஆகவே ஐப்பசி. பெண் யோகினி, மொரீசியஸ் பிள்ளை, நல்ல வடிவு. தாலி ஞாயிற்றுக்கிழமை கோவிலில், பதிவு எழுத்து அதற்கு முதல்நாள் கொமூனேயின் நகரசபை மண்டபத்தில். மேயர் எழுதித் தந்தால் இந்த ஊர்க் குடியுரிமை உள்ள ஒருவர் எழுத்தை நடத்தலாமாம், நீங்கள்தான் செய்யவேண்டும் என்று இரண்டு பேரும் ஓகஸ்ட்டில் வந்து வாசலில் நின்றார்கள்.

முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அப்பா கண்ணை மூடி ஏழு வருடமாக எந்தக் கலியாண வீட்டிலும் பலகாரப் பெட்டி கட்டுகிற மேசைக்குப் பின்னால்தான் என் இடம், யாரும் சொல்வதற்கு முன் நானே போய் நின்றுகொள்வேன். விதுரன் கேட்டான், அன்ரி, கொமூனே தந்த போம் தாளிலை புருசன் இருக்கிறாரோ எண்டு ஒரு கேள்வியும் இல்லையே எண்டு. ஓம் என்றுவிட்டேன். ஆனால் செப்டெம்பரில் அற்புதமலர் போன் எடுத்தா. குறை நினையாதையும் ரதி, பிள்ளையளுக்கு முன்னாலை நிக்கிற ஆள் ஒரு சோடியாய் நிண்டால் நல்லம்தானே எண்டா. நல்ல மாதிரித்தான் சொன்னா, எனக்குத்தான் அன்று முழுக்க அழுகை நிற்கவில்லை. மேயரின் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று லிபெர்த்தா வீதியில் நான் வேலைக்குப் போகிற வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவிடம் சொன்னேன். பழைய ரீச்சர் அல்லவா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் அன்று வாசிக்கவேண்டிய சட்டத் தாளை எடுத்து என் கையில் தந்து, வாசி என்றா. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நான் அயன் பண்ணப் பண்ண உரக்க வாசிக்க வேண்டும், அவ சாய்வுக் கதிரையில் இருந்து என் உச்சரிப்பைத் திருத்துவா. அவவின் உடுப்பு எல்லாவற்றுக்கும் புருசன் மனைவியின் கடமைகள் இப்போது மனப்பாடம்.

சனிக்கிழமை காலையில் மழை, பத்து மணிக்கு வெயில். நான் அந்தக் குங்குமப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டினேன், நீ வாங்கித் தந்து நான் ஒருநாளும் உடுக்காதது. கலியாணச் சட்டத்தின் மூன்று பிரிவும் ஒரு பிழையில்லாமல் வாசித்து முடித்தேன். அடுத்தது கேள்வி, விதுரனை நீ ஏற்கிறாயா, யோகினியை நீ ஏற்கிறாயா என்று கேட்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தோளில் கிடந்த பட்டி பட்டுச்சேலையில் வழுக்கி முழங்கைக்கு இறங்கிவிட்டது. அதைத் தூக்கிவிட நான் வலது கையை உயர்த்தினேன், பிள்ளை, அவ்வளவுதான். எங்கள் சனம் ஐயர் கை தூக்குவதைப் பார்த்துப் பழகின சனம். விதுரனின் கூட்டாளி ஜெனிஸ்டன் போனிலும் ஸ்பீக்கரிலும் கெட்டிமேளத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், பொத்தானை அமத்திவிட்டான். நாதஸ்வரமும் தவிலும் கொமூனே மண்டபத்தை இடிக்க, எண்பது பேரும் எழும்பி, ஆசீர்வதிக்க வைத்திருந்த அறுகம்புல் கலந்த அறுகரிசியை எறிந்தார்கள். விதுரனின் சாப்பாட்டுக் கடை முதலாளி ஓடிவந்து மாப்பிள்ளையைக் கன்னத்தில் கொஞ்சினான். கொமூனே உத்தியோகத்தர் பெண் பதிவுப் புத்தகத்தின் மேல் குப்புற விழுந்து அதைக் காப்பாற்றிக்கொண்டு, சிஞ்ஞோரா, இவர்களுக்கு இன்னும் கலியாணம் நடக்கவில்லை என்று கத்தினா. நான் தம்பதிக்கு முன்னால் நேரே நின்றதால் பாதிக்குமேல் என் தலையில்தான். ஏழு வருடமாக என் தலையில் அறுகரிசி விழுந்ததில்லை, ஆரணி.

எல்லோரையும் இருத்திவிட்டு மறுபடி கேட்டேன். அவனும் ஸி, அவளும் ஸி, இரண்டு பேரும் ஓம். நீங்கள் கணவன் மனைவி என்று நான் உரக்கச் சொன்னேன், குரல் கொஞ்சம் உடைந்தது, பரவாயில்லை. இப்போது போட ஒருவர் கையிலும் அரிசி இல்லை. சபை முழிக்கிறது. அப்போது முதல் வரிசையிலிருந்து அற்புதமலர் எழும்பி நேரே என்னிடம் வந்தா. அசையாதையும் ரதி எண்டு சொல்லிவிட்டு, என் தலைமயிருக்குள் கிடந்த அரிசியை இரண்டு கையாலும் பொறுக்கினா, பொறுக்கினதைத் தன் பெறாமகனுக்கும் மருமகளுக்கும் போட்டா. மற்றவர்களும் வரிசையாக வந்துவிட்டார்கள். என் கொண்டை கலைந்து நான் பேய் மாதிரி நிற்கிற படத்தை யோகினி உனக்கு அனுப்புவாள், சிரி.

உன் தை மாதக் கலியாணத்தில் தாரை வார்க்கக் கோபாலசிங்கம் மாமாவும் மாமியும் நிற்கட்டும், நான் பந்தியைப் பார்க்கிறேன் என்று போன மாதம் சொன்னேன், நீ அழுது போனை வைத்தாய். அந்தக் கதையைத் திருப்பி எடுக்கிறேன். மாமாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். உன் கையைப் பிடித்து நான்தான் கொடுப்பேன், அவர் பந்தியைப் பார்க்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, சட்டை அளவை இந்தக் கிழமைக்குள் அனுப்பு. நீயும் அவரும் எல்லா நலமும் பெற்று வாழ அம்மாவின் ஆசி. அங்கே மேளகாரருக்கு முன்கூட்டியே சொல்லிவை, பெண்ணின் தாய் கை தூக்கினால் அது மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யத்தான் என்று.

மேயருக்காகக் கையெழுத்து வைத்த அதே கையால்,
உன் அம்மா
ரதி