இரும்பு மாத்திரையும் அரை டம்ளர் காப்பியும்

அக்கா,

இன்று காலை இரும்பு மாத்திரை அட்டையைக் கிழித்ததும் உன் மாத்திரைகளின் அதே துரு வாசனை. மாத்திரை எனக்குத்தான், ரத்தம் குறைவாம். நியூ டவுன் பிளாட்டின் சமையலறையில் நின்றபடி என் மகள் சொல்கிறாள்: "காப்பியோட முழுங்காதேம்மா, இரும்பு உடம்புல சேராது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

எல்லாருக்கும் தெரியுமாம்! வந்த ஆத்திரத்தில் அட்டையை மேடைமேல் விட்டெறிந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

அப்போது நாம் இருந்த டாக்குரியா வீட்டில் உன் தண்ணீர் பாட்டிலில் நகப்பூச்சால் நீ போட்ட சிவப்புக் கோடு நினைவிருக்கிறதா? டயாலிசிஸ் செய்துகொள்பவளுக்கு நாள் முழுக்க அந்தக் கோடுவரைதான் தண்ணீர். "மாத்திரைக்குன்னு தனியா தண்ணி எதுக்குடி? அரை டம்ளர் காப்பி எப்படியும் குடிக்கப்போறேன், அதோட போகட்டும்" என்பாய். உன் சாமர்த்தியத்தை மெச்சி, ஆஸ்பத்திரிக்கும் பிளாஸ்க்கில் காப்பி சுமந்தவள் நான்தான்.

என் சிறுநீரகம் ஒன்றை உனக்குத் தருவதென்று முடிவாகியிருந்தது. பரிசோதனையில் பொருந்தியும்விட்டது. டாக்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: ரத்தம் தானாக ஊற வேண்டும், வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு அடுத்தவர் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கிவிடலாம். அதற்காக ஓர் ஊசி, ஊசிக்குத் துணையாக இந்த இரும்பு. மாதங்கள் போயின. நீ வெளுத்துக்கொண்டே போனாய். மூன்றாவது மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்தாய். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று டாக்டர் உன்னையே கடிந்தார். வேளை தவறாமல் போட்டவள் நீ! எதோடு போட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

துர்கா பூஜைக்கு முந்தின வாரம் மூச்சு வாங்கிச் சாய்ந்தாய். ரத்தம் ஏற்றியே ஆக வேண்டியதாயிற்று, அதுவும் இரண்டு முறை. அப்புறம் ஒருநாள் நான் மாத்திரையும் காப்பியும் நீட்டியதைப் பார்த்த நர்ஸ், "எ கீ, தீதி! கஃபி தியே?" என்று வங்காள மொழியில் அலறினாள். காப்பியோடா கொடுப்பார்கள் என்று. டாக்டரோ, டயாலிசிஸ்காரர்களுக்கு மாத்திரையே பல சமயம் போதாது, இரும்பை டிரிப்ஸாக ஏற்றிவிடலாம் என்றார், சாவகாசமாக. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

டிரிப்ஸில் இரும்பு ஏறிய பிறகு உன் உதட்டில் நிறம் வந்தது. லேக்வரை நடந்தோம். ஆனால் மறுபடி செய்த பரிசோதனையில் என் சிறுநீரகம் உனக்குப் பொருந்தவில்லை.

"விடுடி, உன்னோடதை நீயே பத்திரமா வச்சுக்கோ" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பூஜைக்கு நீ இல்லை. காப்பிதான் காரணமென்று யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. இல்லையென்றும் சொல்லவில்லையே! டாக்டர்மேல், உன்மேல், அந்தப் பிளாஸ்க்மேல் எல்லாம் எனக்கு இன்னும் கோபம்தான்.

கடைசியில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி மாத்திரையை விழுங்கினேன். போன வாரம் எடுத்த ஸ்கேனில் சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அக்கா? ஒன்று உன்னுடையது.