புகைக்கூடத்து விறகு

28 டிசம்பர் 1926, ஈப்போ

துவைத்த துணி நாலு நாளாய்க் காயவில்லை. மழை விட்டபாடில்லை. மத்தியானம் டாக்டர் சிவசுப்பிரமணியன் கூப்பிட்டார். கோலா கங்சார் பக்கம் ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்று வெள்ளத்தில் முழுகிவிட்டதாம். நாளையே புறப்பட வேண்டும். ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஆறு பெட்டி கட்டுத்துணி கொடுத்தார்கள். வயிற்றுப்போக்குக்கு ஒரே ஒரு புட்டி மருந்து! போதாது என்றேன். "அடிபட்டவங்களப் பார்க்கத்தானே போறீங்க மிஸி, இது எதுக்குலா?" என்கிறான் ஸ்டோர்காரன். எட்டு வருஷ நர்ஸுக்கு இவன் பாடம் எடுக்கிறான்.

30 டிசம்பர்

படகில் வந்து சேர்ந்தோம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் தண்ணீருக்குள். மேட்டில், ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூடத்தில் இருநூறு பேர். இன்று பார்த்தது: காயம் நாலு. வயிற்றுப்போக்கு முப்பத்தொன்று. காய்ச்சல் பதினெட்டு. ஒரு பிரசவம். கட்டுத்துணிப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேறு எதற்கும் அது உதவவில்லை.

31 டிசம்பர்

எல்லாரும் வெள்ளத் தண்ணீரையே குடிக்கிறார்கள். காய்ச்சிக் குடியுங்கள் என்றால், "விறகு எங்க மிஸி? எல்லாம் நனைஞ்சு கெடக்கு." பக்கத்துக் கொட்டகையில் புகை போட அடுக்கிய காய்ந்த விறகு, கூரை முட்ட இருக்கிறது! ஆனால் பூட்டு. சாவி தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலனிடம். "துரை உத்தரவு இல்லாம தொடக்கூடாது" என்கிறார். துரை எங்கே? ஈப்போவில். ரோடு? அறுந்து கிடக்கிறது. எங்களை இறக்கிவிட்ட படகும் போய்விட்டது. உத்தரவு எப்படி வரும் — நீந்தியா?

"பொறு நவமணி, பேசிப் பார்க்கிறேன்" என்றார் டாக்டர்.

1 ஜனவரி 1927

பேசிக்கொண்டே இருக்கிறார்.

2 ஜனவரி

பால்மரம் வெட்டுகிற ராக்காயியின் மகள் பாப்பா, வயிற்றுப்போக்கில் விடியக்காலம் போய்விட்டாள். நாலு வயசு. நேத்து சாயங்காலம் என் விரலப் புடிச்சுக்கிட்டு தண்ணி கேட்டா. எந்தத் தண்ணியக் குடுப்பேன்?

என்ன பூட்டு, என்ன உத்தரவு! காடு வெட்டுற சன்னாசி அண்ணன் கோடாலியப் பிடுங்கிக்கிட்டுப் போனேன். "மிஸி, வேலை போயிரும்!"னு கிராணி கத்துறார். போகட்டும்லா! மூணே அடி. இப்ப மூணு அண்டாவுல தண்ணி கொதிக்குது. கோடாலி புடிச்ச கை, எழுத்து கோணலா வருது.

5 ஜனவரி

புதிதாக வயிற்றுப்போக்கு ஒன்பது பேருக்குத்தான். அண்டாவைப் பார்த்துக்கொள்வது ராக்காயி. நான் சொல்லவில்லை, அவளாகவே வந்து உட்கார்ந்தாள். பச்சைத் தண்ணீரை யாராவது மொண்டால் தட்டிவிடுகிறாள். கிராணியும் வந்து ஒரு குவளை வாங்கிக் குடித்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

8 ஜனவரி

இன்று புதிதாக ஒருவருமில்லை. ஆனால் துரையிடமிருந்து படகில் கடிதம் வந்திருக்கிறது: பூட்டை உடைத்ததற்கு விளக்கம் வேண்டுமாம்! டாக்டர் வாங்கிப் படித்தார். "நான்தான் உடைக்கச் சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அப்படிச் சொல்லவே இல்லை மனுஷர். நன்றி சொல்லவா, அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்கவா?

9 ஜனவரி

எங்களை ஏற்றிப்போகப் படகு வந்தது. வழியனுப்ப எல்லாரும் கரைக்கு வந்தார்கள். ராக்காயி மட்டும் அடுப்பை விட்டு வரவில்லை. நானே போனேன். நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"அந்தப் பூட்ட ரெண்டு நாள் முன்னாடியே ஒடச்சிருக்கலாமே, மிஸி?"

அடுத்த படகில் வருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லியனுப்பினேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விறகைத் தள்ளிவிட்டேன்.