மீனுக்குத் தொட்டியும் மறந்து வைத்த குடையும்

பள்ளங்கி
கார்த்திகை, 1963

அன்புள்ள மகன் சேனாதிபதிக்கு அம்மா எழுதுவது. பழனியாண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் கண்மணியும் சுகம். நீயும் சுகம் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்று கடைசியில் சொல்கிறேன். இந்த வருஷம் பனி முந்திவிட்டது, உருளைக்கிழங்குச் செடியெல்லாம் ஓரம் கருகிக் கிடக்கிறது. அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை. பீடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்கிறார், ஆனால் மாட்டுக் கொட்டகைக்குப் போய் வந்தால் மட்டும் வெற்றிலை போட்டுக்கொள்கிறார். எனக்கு மூக்கு இல்லை என்று நினைப்பு.

கண்மணிக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. அங்கே காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார்கள், பையன் பெயர் மயில்சாமி, அப்பா கிடையாது, அம்மா வடிவு மட்டும்தான். பெண்ணைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் போய் வீடு பார்த்து வந்தால் தையில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். உன் அப்பாவுக்கு அப்போதே பாதி மனசு அங்கே போய்விட்டது. நான்தான் அவசரப்பட வேண்டாம் என்றேன். உன் சித்தி மகள் கதை உனக்குத் தெரியுமே, வீடு பார்க்கப் போன அன்று கொட்டகையில் நாலு கறவை மாடு நின்றது, கல்யாணம் முடிந்து அவள் போய்ப் பார்த்தால் கயிறு மட்டும் கிடந்தது. கேட்டதற்கு, மாடு மேயப் போயிருக்கிறது என்றார்களாம். அது இன்னும் மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை வெள்ளனே பஸ் ஏறி, வத்தலக்குண்டில் மாறி, மழையோடு போய்ச் சேர்ந்தோம். நல்ல வீடுதான், புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. புதிதாக அடித்திருந்தாலே எனக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோன்றும். உள்ளே நுழைந்ததும் கூடத்தில் மேஜை மேல் ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரு முழ நீளத்துக்கு ஒரு மீன். கௌராமி என்று பேராம், கீரையும் முட்டைக்கோஸ் இலையும்தான் தின்னுமாம், சின்னதிலிருந்து வளர்க்கிறோம் என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். உன் அப்பா வாயைப் பிளந்துகொண்டு அதையே பார்த்தார். நானும் பார்த்தேன், ஆனால் நான் பார்த்தது வேறு. அந்தத் தொட்டி இரண்டு முழம்கூட வராது. மீன் ஒரு பக்கம் போனால் திரும்ப முடியாமல் பின்னாலேயே வருகிறது. போட்ட கோஸ் இலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன சித்திரையில் லீவுக்கு வந்தபோது நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. பம்பாய்ப் பணக்காரர்கள் விரல் நீள மீனைக் காட்டி அதற்கேற்ற தொட்டி செய்யச் சொல்லுவார்கள், இருக்கிற மீனுக்குத் தொட்டி எடுக்கக் கூடாது, ஆகப்போகிற மீனுக்குத்தான் எடுக்கவேண்டும் என்று நீ வேலை பார்க்கிற தொட்டிக் கடையில் நீதான் அவர்களோடு மல்லுக்கு நிற்பாய் என்றாயே. நம் கூடத்தில் கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டினாய், ஒரு முழ மீனுக்கு ஆறு முழ நீளம், இரண்டு முழ அகலம். ஒரு மீனுக்கு ஒரு ஆள் படுக்கிற இடமா என்று நாங்கள் சிரித்தோம். சின்னத் தொட்டியில் வளர்ந்த பெரிய மீனுக்கு முதுகு கூனிவிடும், கண்ணாடியில் இடித்து இடித்து மூக்கு தேய்ந்துவிடும், அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்றும் சொன்னாய். இந்த மீனுக்கு முதுகு ஈர்க்குச்சி மாதிரி நேராக இருக்கிறது, மூக்கில் ஒரு கீறல் இல்லை. அப்படியென்றால் இது இந்தத் தொட்டியில் வளர்ந்த மீன் இல்லை, இரவல் மீன். எங்களுக்குக் காட்டுவதற்காக யார் வீட்டிலிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மீனே இரவல் என்றால் அந்த நாற்காலி யாருடையது, சுவர்க்கடிகாரம் யாருடையது, கடை யாருடையது. அந்தப் பையனும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தொட்டியையே பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தான். எப்போது கிளம்புவார்கள் என்று காத்திருக்கிற மூஞ்சி அது.

கேசரி சாப்பிட்டேன், அதில் நெய் நிறையத்தான் இருந்தது, அதுவும் எனக்குச் சந்தேகம்தான். கிளம்பும்போது குடையைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு வெறுங்கையோடு வந்தேன். தெருமுனை திரும்பியதும், அடடா குடையை மறந்துவிட்டேனே என்றேன். நான் போய் எடுத்து வருகிறேன் என்றார் அப்பா. உங்களுக்கு இருமல், நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு நானே திரும்பி நடந்தேன். சொல்லிவைத்துப் போனால் எந்த வீடும் நல்ல வீடுதான், சேனாதிபதி. சொல்லாமல் போகவேண்டும்.

போய்ப் பார்த்தால் கூடத்தில் ஆள் இல்லை, தொட்டி காலி. தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் குடித்த காபி டம்ளரைக்கூட எடுக்கவில்லை, அதற்குள் மீனை உடையவனிடம் கொடுத்தாயிற்று என்று நினைத்தேன். அவ்வளவுதான், என் மகளுக்கு இந்த வீடு இல்லை என்று குடையைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது கொல்லைப் பக்கம் பேச்சு கேட்டது. பொண்ணு வீட்டுக்காரங்க தெருவத் தாண்டல, அதுக்குள்ள ஒனக்கென்ன அவசரம் என்று அந்த அம்மா சத்தம் போடுகிறார். அவன் என்னவோ முணுமுணுத்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே பின்னால் போய் நின்றேன்.

அங்கே காய்கறி கழுவுகிற மாதிரி ஒரு சிமெண்டுத் தொட்டி, நம் மாட்டுக் கொட்டகை நீளத்துக்கு இருக்கும். மீன் துள்ளி வெளியே விழாமலிருக்கத் தென்னங்கீற்றுத் தட்டி, ஒரு ஓரம் விலக்கியிருந்தது. எங்களுக்காகப் போட்டிருந்த சில்க் சட்டை மார்பு வரைக்கும் நனைந்து அந்தப் பையன் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். மீன் கொஞ்ச நேரம் அடியில் கிடந்துவிட்டு ஒரு முழு வட்டம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவன் முகம் தெளிந்தது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா அவசரமாகத் தட்டியை இழுத்து மூடப் பார்த்தார். அவன்தான் சொன்னான். மெட்ராஸில் விரல் நீளத்துக்கு வாங்கியபோது அந்தக் கண்ணாடித் தொட்டி ஆயுசுக்கும் போதும் என்று கடைக்காரன் சொன்னானாம், ஒரே வருஷத்தில் மீன் முட்ட ஆரம்பித்துவிட்டதாம், பிறகு இதைக் கட்டினானாம். வந்தவர்கள் கூடத்தில் பார்க்கவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டதால் காலையில் தூக்கி வைத்தானாம். உம்மென்று இருந்ததன் காரணம் அதுதான்.

அதோடு விட்டேனா. உன் அம்மா அல்லவா. அந்த அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டேன், “அம்மா ஆசைப்பட்டாங்கன்னா நாளைக்கு எங்க பிள்ளையயும் இப்பிடித்தான் முட்டுற எடத்துல வெப்பீங்களா தம்பி?” அவன் சட்டை நுனியைப் பிழிந்துவிட்டு, “ஒரு நாளு தெரியாம வெச்சாலும் வெச்சிருவேங்க. வெரசா எடுத்தும் விட்டுருவேன்” என்றான். வைக்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு காபி போட உள்ளே போனார். தையில் தாம்பூலம் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன். கூடத்தில் வைக்கிற மாதிரி கண்ணாடியில் செய்தால் என்ன அளவு என்று மாப்பிள்ளை உன்னைக் கேட்கச் சொன்னார். உன் ஆறு முழக் கணக்கைச் சொன்னேன், அப்புறம் மனுஷர் எங்கே உட்காருவது என்று சம்பந்தியம்மா கேட்கிறார். நீயே எழுது. கண்மணி ஒன்றும் கேட்கவில்லை, மீன் கோஸ் மட்டும்தான் தின்னுமா, பீன்ஸ் தின்னாதா என்று மட்டும் கேட்டாள். பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது உன் விஷயம். மீனுக்கு எத்தனை முழம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறாயே, உன் அறை எத்தனை முழம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயா. விசாலமான அறை, காற்று நன்றாக வருகிறது, அவ்வளவுதான். விசாலமான அறை இருக்கிறவன் கடிதத்துக்கு ஏன் எப்போதும் கடை விலாசம் கொடுக்கிறான். பம்பாயிலிருந்து நாச்சிமுத்து வந்தபோது உன் அறையைப் பற்றிக் கேட்டேன், அவன் தரையைப் பார்த்துக்கொண்டு அத்தை காபி இருக்கா என்றான். எல்லாவற்றுக்கும் மேலே, போன சித்திரையில் நீ இங்கே படுத்திருந்ததைக் காலையில் எழுந்து பார்த்தேன். அத்தனை பெரிய கூடம் காலியாகக் கிடக்கிறது, நீ சுவரோரம் முழங்காலை நெஞ்சோடு மடக்கிச் சுருண்டு கிடக்கிறாய். நீ மீனுக்குப் போட்ட கரிக்கோட்டில் பாதி இடம்கூட உனக்குத் தேவைப்படவில்லை. மலைக்குளிர் பழக்கம் விட்டுப்போயிற்று என்று நினைத்துக் கம்பளியைப் போர்த்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்த மீனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அது குளிர் இல்லை என்று தோன்றுகிறது. மனசு ஆறவில்லை ஐயா.

முருகன் துணையிருந்து உன் உடம்பையும் வேலையையும் காப்பாற்றட்டும். தைக்குக் கட்டாயம் வந்துசேர், அண்ணன் இல்லாமல் தாம்பூலம் இல்லை. தாம்பூலம் முடிந்த பிறகு நான் பம்பாய்க்கு வருகிறேன். எந்தத் தேதி என்று எழுத மாட்டேன். குடையையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
விசாலாட்சி