நான்காவது ஆணி

அண்ணாச்சி,

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மதினி ஆட்டோ பிடித்து வந்து உங்கள் தோல் ஏப்ரனையும் ஆயுதப் பெட்டியையும் என் வீட்டில் இறக்கினார்கள். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அந்தத் தோலில் குளம்பு கருகிய வாடை போகவில்லை. முடி பொசுங்குகிற மாதிரி இருக்கும், ஊரில் பாதிப் பேர் மூக்கைப் பொத்துவார்கள். எனக்குச் சோறு போட்ட வாடை அது.

"அவுக சாமான யாருக்குக் குடுக்கன்னு தெரியல பிள்ள. லாடம் அடிக்கவ நீதான், வச்சுக்கோ" என்றார்கள் மதினி. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை வருஷமாக உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்திருந்தால், பெட்டியைச் சிற்றாற்றில் போட்டாலும் போட்டிருப்பார்கள், என்னிடம் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நான் உங்களிடம் வரும்போது எனக்கு முப்பத்தாறு வயது. கீழப்பாவூரில் அப்பாவோடு சேர்ந்து மாட்டுக்கு லாடம் அடித்துப் பழகிய கை. ஐந்தருவியில் சவாரிக் குதிரைகள் கூடிக்கொண்டே வந்தன, லாடம் அடிக்கத்தான் ஆள் இல்லை. பட்டாளத்தில் குதிரைகளுக்கு லாடம் அடித்து ஓய்வு பெற்ற ஒருவர் இலஞ்சிச் சாலையில் தகரக் கொட்டகை போட்டு வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு வந்தேன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் கட்டித்தான் அடிப்போம். அதே நினைப்பில் முதல் நாள் வடக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். வகுப்பே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

"குதிரைய நிக்க வச்சே அடிக்கணும் பிள்ள. அது நம்மள நம்பிக் கால குடுக்கும். குடுத்த கால நோகடிக்கக் கூடாது" என்றீர்கள். கயிற்றை வாங்கிச் சுவரில் மாட்டினீர்கள்.

உங்கள் வித்தையை நான் குறை சொல்லவில்லை. நடையைப் பார்த்தே எந்தக் காலில் லாடம் தேய்ந்திருக்கிறது என்று சொல்வீர்கள். இரும்பை நெருப்பிலிருந்து எடுத்துக் குளம்பில் ஒற்றி, புகை வந்த இடத்தையும் வராத இடத்தையும் பார்த்துவிட்டு, பட்டறைக்கல்லில் இரண்டே தட்டுத் தட்டிச் சரி செய்வீர்கள். ஆணி அடிக்கக் கற்றுக்கொடுத்த விதம்தான் எல்லாவற்றிலும் பெரிது. எங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு நீங்கள் அடிப்பீர்கள். குளம்பின் கெட்டியான ஓரத்தில் ஆணி ஏறும்போது கணீரென்று கேட்கும். உள்ளே உயிர்ச்சதைப் பக்கம் திரும்பிவிட்டால் சத்தம் சப்பென்று ஆகிவிடும். அந்த நொடியில் நாங்கள் கை தூக்க வேண்டும்.

"ஆணிய கையால அடிக்காதிய, காதால அடிங்க."

இதை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். இப்போது அதைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை.

மூன்றாவது வருஷம் நானும் உங்களோடு நின்று பாடம் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு குதிரைக்கு நீங்கள் அடித்தால் நான் கால் பிடிப்பேன். அடுத்ததற்கு நான் அடிப்பேன், வேறு ஆள் பிடிக்கும். எட்டு வருஷம் அப்படி ஓடியது.

அப்புறம் அந்த வருஷத்துச் சாரல் சீசன் வந்தது. ஐந்தருவியில் சவாரிக்கு விடும் மாடசாமி தன் வெள்ளைக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். மறுநாள் சனிக்கிழமை, கூட்டம் வரும் என்று அவருக்கு அவசரம், குதிரையை விட்டுவிட்டுப் போய்விட்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பியிருந்தார்கள். நீங்கள் அடித்தீர்கள். இடது முன்னங்காலை என் தொடைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆணி கணீரென்று ஏறியது. நான்காவது ஆணியில் சத்தம் மாறியது. என் பிடிக்குள் கால் வெடுக்கென்று இழுத்தது.

"அண்ணாச்சி, சத்தம் மாறுது" என்றேன்.

நீங்கள் நிமிரவில்லை. இன்னும் இரண்டு அடி அடித்தீர்கள். கால் மறுபடியும் இழுத்தது. "சேட்டை பண்ணுது, நல்லாப் பிடி" என்றீர்கள். எனக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்காமல் இருக்குமா, தெரிந்துதான் அடிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு. அந்த ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் மாடசாமி குதிரையை நடத்திக்கொண்டு வந்தார். மூன்று காலில்தான் வந்தது. நான்காவது ஆணியைப் பிடுங்கினால் பின்னாலேயே சீழ் வந்தது. வகுப்பில் ஆறு பேர் சுற்றி நின்றார்கள். "யாரு அடிச்சது இத?" என்று மாடசாமி கத்தினார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

"இந்தக் கால் பிள்ள அடிச்சது. நான் அப்பவே சத்தம் போட்டேன். கேட்டாத்தான?" என்றீர்கள்.

அண்ணாச்சி, எட்டு வருஷம் கூட நின்றவளுக்கு, ஆறு பேர் பார்க்க உங்களைப் பொய்யர் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அதற்காக என்னை நானே அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

பொம்பளை அடித்தால் குதிரை நொண்டும் என்று குற்றாலம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஒரு குதிரைக்காரரும் என் கையில் குதிரைக் காலைக் கொடுக்கவில்லை. வகுப்பில் கால் பிடிக்க மட்டும் கூப்பிட்டீர்கள். ஒரு வாரம் பிடித்தேன். பிறகு வரவில்லை. வீரகேரளம்புதூர்ப் பக்கம் நாலைந்து வண்டிமாடுகள் இருந்தன. பஸ் ஏறிப் போய் அவற்றுக்கு அடித்தேன். போகும்போதும் வரும்போதும் உங்களிடம் கேட்க வேண்டியதை ஜன்னல் பக்கம் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். ஒரு நாள் அதே ஆறு பேரைக் கூட்டி வைத்துக் கேட்பதாக இருந்தேன். அதற்குள் நெஞ்சுவலி என்று படுத்தீர்கள், இரண்டே நாளில் போய்விட்டீர்கள். கேட்கவிடாமல் செத்தீர்களே, அது நீங்கள் எனக்குச் செய்த இரண்டாவது துரோகம். உங்கள் வீட்டு வாசலில் மாலையோடு நின்ற அத்தனை பேரிலும் வயிறு எரிந்து நின்றது நான் ஒருத்திதான்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். சுத்தியல், இடுக்கி, இரண்டு அரம், குளம்பு சீவுகிற கத்தி. எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றி ஒரு சின்ன டப்பா இருந்தது. திறந்தால் காது மெஷின். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட நீங்கள் உரிக்கவில்லை. கூடவே தென்காசிக் காது டாக்டரின் சீட்டு. இரண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டது, மெஷின் இல்லாமல் வேலை செய்ய வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். தேதியைப் பார்த்தேன். அந்தச் சாரலுக்கு ஐந்து மாதம் முந்தியது.

நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை. ஆணி சொன்னதும் கேட்கவில்லை. முப்பது நாற்பது வருஷம் பட்டறைக்கல் பக்கத்தில் நின்றால் யாருக்கும் காது போகும், அதை மன்னித்துவிடலாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டதையும் மன்னிக்கலாம். ஆனால் மூன்றாம் நாள் என்னைக் கைகாட்டினீர்களே, அதற்குக் காதா வேண்டும்? வாய்தானே வேண்டும்? அது நன்றாகத்தானே இருந்தது?

மறுநாளே சீட்டை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். மாடசாமி புதிதாக ஒரு செவலைக் குதிரை வாங்கியிருந்தார். சீட்டை இரண்டு தடவை படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"செத்த மனுசன இப்பப் போயி எதுக்குக்கா தோண்டுதிய?"

"என்னைய எல்லாருமா சேந்து உயிரோடல்லா பொதைச்சிய? அப்ப எங்க போச்சு இந்த இரக்கம்?"

அவர் கொஞ்ச நேரம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அப்புறம் அதன் முன்னங்காலைத் தானே தூக்கிப் பிடித்து, "பாருங்க, லாடம் ஆடுது" என்றார். என் பையில் உங்கள் சுத்தியல்தான் இருந்தது. அதை வைத்தே அடித்தேன். எட்டு ஆணியும் கணீரென்று ஏறியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

உங்கள் கொட்டகையில் இப்போது நான் வகுப்பு எடுக்கிறேன். மதினிதான் சாவி கொடுத்தார்கள். முதல் நாள், இரும்பைத் தொடுவதற்கு முன்னால், நான் சொல்வது இதுதான்: "எனக்கு வலது காது மந்தம். இங்கன யாரு கால் பிடிச்சாலும், சத்தம் மாறுனா 'நில்லு'ன்னு சொல்லணும். சொன்னா, அடிக்கது நானா இருந்தாலும் நிறுத்தி ஆணியப் பிடுங்கணும்." ஆமாம் அண்ணாச்சி, என் காதும் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற எட்டு வருஷத்தில் கிடைத்தது. உங்களிடமிருந்து நான் சுமந்துகொண்டிருப்பது பெட்டி அல்ல, இதுதான். நான் எனக்கென்று வாங்கிய மெஷினைப் போட்டுக்கொண்டுதான் கொட்டகைக்கு வருகிறேன். எல்லாரும் பார்க்கட்டும்.

இந்தச் சட்டம் எதற்கு என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வெள்ளைக் குதிரையின் கதையைச் சொல்வேன்.  நேற்று ஒரு பெண் எழுந்து, "அந்த வாத்தியாரு யாருக்கா?" என்று கேட்டாள்.

இந்த மடலில் உங்கள் பெயரை எழுதவில்லை, வேறு யார் கையிலாவது கிடைத்தால் மதினிக்குத் தலைகுனிவு என்று. கொட்டகையில் அந்தச் சலுகை கிடையாது. முழுப் பெயரையும் சொன்னேன், உங்கள் தகப்பனாரின் இனிஷியலோடு. கேட்பவர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்வேன். மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, என் வலது காதுக்கும் கேட்கிற அளவுக்குச் சத்தமாகவே சொல்வேன்.