மே பதினாறு, பிராங்பேர்ட் சுற்று

8 மார்ச், ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பூசைக்குப் போய் வந்து, சொதி வைத்து இறக்கிவிட்டு, சாப்பாட்டு மேசையில் இந்த வருட ஆட்ட அட்டவணை. ஜெர்மனியில் உள்ள கேலிக் கால்பந்து, அதாவது கையாலும் காலாலும் ஆடும் ஐரிஷ் பந்தாட்டக் கழகங்களுக்குத் தேதி போடும் வேலை மூன்றாவது வருடமாக என்னிடம். யாரும் கேட்டு வாங்காத வேலை.

மறக்கக் கூடாதவை:

– அயர்லாந்தில் வருடத்தின் முன்பாதி கவுண்டி, அதாவது மாவட்ட அணிகளுக்கு, பின்பாதி ஊர்க் கழகங்களுக்கு. பெரிய கவுண்டி ஆட்டம் வந்தால் எங்கள் ஐரிஷ் ஆட்களில் பாதிப் பேர் விமானம் ஏறிவிடுவார்கள். மிச்சப் பேர் ஐரிஷ் பப்பில், டிவிக்கு முன்னால்.

– மியூனிக்: செப்டெம்பர் கடைசி வேண்டாம். பியர்த் திருவிழா, படுக்க இடம் கிடையாது.

– பிராங்பேர்ட், அதாவது எங்கள் கழகம்: மைதானம் மே 16 மட்டும். அதன் பிறகு புல் விதைக்கப் போகிறார்கள்.

– டிரெஸ்டன்: மிஞ்சியது ஜூலை நடுப்பகுதி.

என் கணவர் அன்ரன் குப்பை போட்டுவிட்டு வரும்போது படியில் இரண்டு தடவை நின்றார். எட்டிப் பார்த்தேன். "சப்பாத்து நூல் அவிண்டிட்டுது" என்றார். காலில் செருப்பு.

11 மார்ச், புதன்

வெயில், ஆனால் குளிர். வேலையில் ஐரிஷ்காரி ஊனாவுடன் மதியச் சாப்பாடு. விமான நிலையத்தில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே வேலை: பணியாளர்களுக்கு முறை போடுவது. பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து விளையாடியவள் என்று ஒரு நாள் தெரியாமல் இவளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறே மைதானத்துக்கு இழுத்துப் போனாள். உயரத்தில் வரும் பந்தைப் பாய்ந்து பிடிக்கிற பழக்கம் கையில் இருந்தது, அதுவே போதும் என்றார்கள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு. இந்த ஊரில் நான் வேலைக்கும் கோயிலுக்கும் அப்பால் போனது அவளால்தான். ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

பின்னேரம் டிரெஸ்டனிலிருந்து கார்த்திக் அழைப்பு. அந்தக் கழகத்தின் தலைவன். மதுரைப் பையன், அங்கே ஆராய்ச்சி செய்கிறான். குரலிலேயே கோபம்.

"அக்கா, ஜூலைல எங்க பசங்களுக்கு எக்ஸாம். பாதி டீம் வராது. எங்க ஊர்ல நாங்களே ஆளில்லாம நிக்கணுமா?"

"தம்பி, வேற கிழமை இல்லை. ஜூனில கவுண்டி ஆட்டங்கள்."

"மே பதினாறு இருக்கே."

"அது பிராங்பேர்ட்டுக்குக் குடுத்தாச்சு."

"உங்க கிளப்புக்கு."

மைதானம், புல், விதை என்றேன். "சரிங்க அக்கா" என்று வைத்துவிட்டான். அந்தச் "சரிங்க" நெஞ்சில் நிற்கிறது.

19 மார்ச், வியாழன்

இணையக் கூட்டம். அட்டவணை வாக்குக்குப் போனது. டிரெஸ்டன் மட்டும் எதிர்ப்பு. நிறைவேறியது. கார்த்திக் கமராவை அணைத்துவிட்டான்.

கூட்டம் முடிந்ததும் அன்ரன் தேத்தண்ணி கொண்டு வந்தார். இதய வால்வு சுருங்கிவிட்டது என்று ஜனவரியில் டாக்டர் சொன்னதிலிருந்து பஸ் ஓட்ட அனுமதி இல்லை. பகல் முழுக்க வீடு. ஒப்பரேஷன் ஜூன் கடைசியில் என்றிருக்கிறார்கள்.

22 ஏப்ரல், புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒப்பரேஷனுக்கு ஒரு ரெர்மின், அதாவது தேதி, காலியாகியிருக்கிறதாம். மே 15, வெள்ளி. டாக்டரும் இனிப் பொறுக்க வேண்டாம் என்கிறார். உடனே ஓம் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் அடுத்த நாள் என்ன என்று ஞாபகம் வந்தது.

அன்ரன்: "நீர் போம். நான் மயக்கத்தில கிடக்கப் போறன், நீர் அங்க இருந்து என்ன செய்யிறது?"

"விசர்க் கதை கதையாதேங்கோ."

சுற்றை ஊனாவிடம் கொடுக்கலாம் என்றால், அவளுடைய தம்பிக்கு அந்த வாரம் கவுண்டி ஆட்டம். முதல் முறையாக அணியில் எடுத்திருக்கிறார்கள். டிக்கெட் போட்டுவிட்டாள். செய்தி கேட்டதும் போகாமல் நிற்கிறேன் என்றாள். விடவில்லை. தம்பிக்கு ஒரு முதல் ஆட்டம்தான் வரும்.

கழகத்தில் மற்றவர்கள் போன வருடம் சேர்ந்த பிள்ளைகள். கோடு போடுவது, நடுவர்கள், முதலுதவி, மைதானக் கதவின் திறப்பு, எல்லாம் நானும் ஊனாவும்தான். ரத்துச் செய்தால் பெண்கள் பிரிவுக்கு இந்த வருடம் போதிய சுற்று இராது.

24 ஏப்ரல், வெள்ளி

இரண்டு நாள் யோசித்துவிட்டு மதியம் கார்த்திக்குக்குப் போன். எல்லாம் சொன்னேன்.

"தம்பி, மே பதினாறை நீங்களே எடுங்கோ. டிரெஸ்டனில வையுங்கோ."

சொல்லிக் காட்டப் போகிறான் என்று நினைத்தேன். சொல்லிக் காட்டினாலும் நியாயம்தான்.

"அண்ணாவுக்கு எந்த ஹாஸ்பிடல்?" என்றான். சொன்னேன். "எல்லா டீமும் பிராங்பேர்ட்டுக்கு டிரெய்ன் புக் பண்ணிட்டாங்க அக்கா. இப்ப மாத்தினா பாதிப் பேர் வரமாட்டாங்க. அங்கயே நடக்கட்டும். நாங்க வந்து நடத்தித் தர்றோம்."

"நீங்களோ? உங்கட ஆக்களோ?"

"வெள்ளிக்கிழமையே வந்துடுறோம். கிரவுண்ட் சாவி மட்டும் யார்கிட்ட வாங்கணும்னு சொல்லுங்க. மத்தத நீங்க மறந்துடுங்க."

வைத்துவிட்டுக் குளியலறையில் போய் நின்று அழுதேன். அன்ரனுக்குக் கேட்கக் கூடாது என்று தண்ணீரைத் திறந்துவிட்டு.

15 மே, வெள்ளி

மழை. விடிய அவரை உள்ளே கொண்டுபோனார்கள். மோதிரத்தைக் கழற்றி என் கையில் தந்தார். அது என் பெருவிரலுக்குத்தான் பொருந்தியது.

காத்திருக்கும் அறையில் ஒரு துருக்கி அம்மாவும் நானும். அவருடைய மகன் உள்ளே. மொழி அவ்வளவாக ஒத்துவரவில்லை. பேரீச்சம்பழம் தந்தார். சாப்பிட்டேன். செபமாலை இரண்டு தரம் சொன்னேன், நடுவில் எங்கோ விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

மத்தியானம் தாண்டி டாக்டர் வந்தார். களைத்த முகம். ஆனால் நல்லபடி முடிந்ததாம். வால்வு சரியாக உட்கார்ந்திருக்கிறது, இதயம் தானாக அடிக்கிறது என்றார். அவர் கையைப் பிடித்துத் தமிழில் நன்றி சொன்னேன். தலையை ஆட்டினார்.

பின்னேரம் போனில் ஒரு படம். மழையில் டிரெஸ்டன் பிள்ளைகள் குனிந்து கோடு போடுகிறார்கள். தொப்பலாக நனைந்து. கீழே கார்த்திக் எழுதியது: "ஆபரேஷன் என்னாச்சு அக்கா?" மைதானத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

16 மே, சனி

மழை விட்டு வானம் வெளித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு. குழாய் எடுத்துவிட்டார்கள். முதல் சொல் "தண்ணி". இரண்டாவது, "உம்மட ஆட்டம்?"

"நடக்குது."

"ஆர் பாக்கினம்?"

"டிரெஸ்டன் ஆக்கள்."

கண்ணை மூடிக்கொண்டார். சிரித்த மாதிரி இருந்தது.

முடிவுகள் போனுக்கு வந்தபடி. பெண்களில் மியூனிக் முதலாவது, நாங்கள் மூன்றாவது. ஒரு நடுவர் வரவில்லையாம். கார்த்திக் நாள் முழுக்க விசில் ஊதியிருக்கிறான். அவன் இல்லாமல் ஆடிய டிரெஸ்டன் ஆண்கள் எல்லா ஆட்டமும் தோல்வி. இதை அவன் சொல்லவில்லை, எங்கள் பிள்ளைகள் சொன்னார்கள்.

ஊனாவின் தம்பிக்குக் கடைசிப் பத்து நிமிடம் கிடைத்ததாம். ஒரு புள்ளி அடித்திருக்கிறான். குரல் செய்தியில் அவள் அழுகிறாள், பின்னால் யாரோ பாடுகிறார்கள்.

24 மே, ஞாயிறு

நல்ல வெயில். அன்ரன் இப்போது சாதாரண வார்டில். நடைவழியில் கடைசி ஜன்னல் வரை நடந்தார்.

மத்தியானம் கதவில் கார்த்திக். மைதானத் திறப்பு, அவன் கேட்ட அந்தச் சாவி, அவனுடைய பையிலேயே டிரெஸ்டனுக்குப் போய்விட்டதாம்.

"தபாலில போட்டிருக்கலாமே தம்பி."

"போட்டிருக்கலாம் அக்கா."

ஒரு பை நிறைய ஆரஞ்சு, எங்கள் தோடம்பழம். அன்ரனுக்கு முன்னால் கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். எட்டு வருடமாக ஒரு ஆட்டம் பார்க்க வராத மனிதர் அவனிடம் கேள்வி மேல் கேள்வி. கம்பத்துக்கு மேலால் போனால் ஒன்று, கீழே வலைக்குள் போனால் மூன்று, ஏன் அப்படி? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை அடி ஓடலாம்? கார்த்திக் தோடம்பழங்களைக் கட்டிலில் பரப்பி விளக்கினான்.

நான் ஜூலைப் பிரச்சினையைத் தொடங்கினேன். டிரெஸ்டன் சுற்றைச் செப்டெம்பர் முதல் வாரத்துக்கு மாற்றக் கேட்டு மற்றக் கழகங்களுக்கு எழுதியிருக்கிறேன், எல்லோரும் ஓம் என்றுவிட்டார்கள் என்று.

கார்த்திக் என்னைப் பார்க்கவில்லை. "அண்ணா, செப்டம்பர்ல உங்களால அவ்ளோ தூரம் டிரெய்ன்ல வர முடியுமா?"

"டாக்குத்தரைக் கேக்க வேணும்."

"கேட்டுச் சொல்லுங்க. முடியலைன்னா தேதியத் தள்ளி வெச்சுக்கலாம்."

எல்லாரும் ஓம் சொன்ன தேதி என்றேன். இருவரும் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.