பத்து லட்சத்து ஒன்பது

அன்பு மாப்பிள்ளை,

நீங்கள் சொன்னதுதான் சரி. பத்து லட்சத்து ஒன்பது பகா எண் இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நீங்கள் போய் நாற்பது நாள் ஆக வேண்டியிருந்தது.

அன்று லஸ் பூங்கா பெஞ்சில் நோட்டை நீட்டினீர்கள். ஆயிரத்தின் வர்க்கத்தோடு மூன்றின் வர்க்கத்தைக் கூட்டினால் இந்த எண். 972-இன் வர்க்கத்தோடு 235-இன் வர்க்கத்தைக் கூட்டினாலும் இதே எண்.

“ரெண்டு விதமா வந்துட்டா பகா எண்ணா இருக்கவே முடியாது மச்சான். கண்டிப்பா உடையும்.”

“எதால உடையும்? ஒரு எண்ணச் சொல்லுங்க மாப்ளே. ஆயிரம் வரைக்கும் நான் வகுத்துட்டேன். அதுக்குமேல பாக்கவே தேவையில்ல.”

“அதான் சிக்க மாட்டேங்குது. ஆனா உங்கள எதால வகுத்தாலும் மீதி பிடிவாதம்தான்.”

எழுந்து வந்துவிட்டேன். பிறகு பெஞ்சுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்களாவது எடுத்திருக்கலாம்.

போன வாரம் சாரதா மந்தைவெளியிலிருந்து உங்கள் நோட்டைக் கொண்டுவந்தாள். உள்ளே என் அட்டை. ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்களை நானே சலித்தெடுத்து எழுதி, உங்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தேனே, அது.

“படுக்கையிலயும் இத வச்சிக்கினு வகுத்துக்கினே இருந்தாரு அண்ணே. கிழிஞ்சிபோச்சே, கடையில புதுசு வாங்கியாரட்டான்னேன். மச்சான் எழுதினதுல தப்பு இருக்காதுன்னுட்டாரு.”

உங்கள் தப்பைப் பிடிக்கத்தான் நோட்டைத் திறந்தேன். மூன்று முறை வகுத்திருந்தீர்கள். மூன்று முறையும் 283-க்கு அடுத்து 299, மீதி 153. வகுத்தது சரிதான். ஆனால் 299 எப்படிப் பகா எண் ஆகும்? பதின்மூன்றை இருபத்துமூன்றால் பெருக்கினால் 299. அதை அடிப்பதற்குப் பதில் 293-ஐ அடித்துவிட்டிருக்கிறேன். ஒன்று போய் ஒன்று வந்ததால் ஆயிரத்துக்குள் பகா எண்கள் 168 என்ற கணக்கு பிசகவில்லை. எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

293-ஆல் வகுத்தேன். ஈவு 3413. மீதி இல்லை.

நான் வாங்கிய மிக்சியைக்கூடக் கழற்றிப் பார்த்தவர் நீங்கள். அந்த அட்டையை மட்டும் ஏன் நம்பினீர்கள்? பேத்தியின் செல்போனில் தட்டியிருந்தால் ஒரு நொடி. இயந்திரம் கூடாது என்று நான் போட்ட விதியை அந்தப் படுக்கையிலுமா காப்பாற்ற வேண்டும்?

சாரதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இப்ப சொல்லி இன்னா அண்ணே?” என்றாள்.

இரண்டு விதமாக வந்தால் ஏன் உடைய வேண்டும்? அது எனக்கு இன்னும் புரியவில்லை. நீங்கள் விளக்க வந்தபோதுதான் எழுந்து வந்துவிட்டேனே. இப்போது தினமும் அதே பெஞ்சில், உங்கள் இடத்தைக் காலியாக விட்டு உட்காருகிறேன். தாள் வெறுமையாகவே இருக்கிறது.

உங்கள் நோட்டில் 293-ஐ எழுத மாட்டேன். அதில் திருத்த ஒன்றுமில்லை. என் அட்டையில்தான் 299-ஐ அடித்திருக்கிறேன். அந்த வர்க்கங்களின் காரணம் பிடிபடும்வரை வேறு எந்த எண்ணையும் தொடமாட்டேன் மாப்பிள்ளை.

சாரதாவின் அண்ணன்,
உங்கள் மச்சான்